மச்சான் பாடி முடித்துவிட்டார், அக்கா

எனக்கு முன்னால் பிறந்து, எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்ட என் பிலோமி அக்காவுக்கு,

மச்சான் பாடி முடித்துவிட்டார். ஏழு பாட்டு. முப்பத்து மூன்று வருஷத்துக்குப் பிறகு ஏழு பாட்டு. போன மாதம் வெளியே வந்துவிட்டது. அந்தக் காலம் போலக் கேசட்டெல்லாம் கிடையாது, எல்லாரும் போனிலேயே கேட்டுக்கொள்கிறார்கள். உன் மகள் செலின் குவைத்திலிருந்து அன்றைக்கே கேட்டுவிட்டு அழுதாள்.

ஆல்பத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச்சொல்லி நித்யா என்னிடம் கேட்டாள். நித்யா யாரென்று உனக்குத் தெரியாது, சொல்கிறேன். பழைய குழுவில் மிச்சம் இருப்பது மச்சானும் நானும்தான். ட்ரம்ஸ் அடித்தவன் எழுதினால் பொருத்தமாக இருக்கும் என்றாள். உட்கார்ந்தேன். பாட்டைப் பற்றி ஒரு வரி வரவில்லை. வந்ததெல்லாம் உனக்குச் சொல்ல வேண்டியதுதான். உன்னைப் பற்றி ஊரறியப் பேசியவன் நான். அதனால் ஊரறியவே எழுதிவிடுகிறேன்.

உனக்குத் தெரிந்த கதையைத்தான் முதலில் சொல்லப்போகிறேன். படிக்கிறவர்களுக்காகப் பொறுத்துக்கொள்.

குழுவுக்கு ‘செம்பூரான்’ என்று பெயர் வைத்தபோது நீ சிரித்தாய். நம் பக்கத்தில் வீடு கட்ட மண்ணிலிருந்து வெட்டி எடுக்கிற சிவப்புக் கல். ராக் என்றால் பாறையாம், புதுக்கோட்டைக்காரர்களுக்கு வாய்த்த பாறை இதுதான் என்றார் எட்வின். அப்போது அவர் மச்சான் ஆகவில்லை. திருச்சி பொன்மலை ரயில்வே காலனியில் வளர்ந்தவர். தோள் வரைக்கும் முடி. அடிவயிற்றிலிருந்து கிளம்பி மேலே போகப் போகக் கிழிகிற குரல். கச்சேரி என்றாலே சினிமாப் பாட்டுதான் என்றிருந்த காலத்தில், தமிழில் சொந்தமாக ராக் பாட்டு எழுதிக் கல்லூரி விழாக்களில் பாடினார். பிள்ளைகள் நாற்காலி மேல் ஏறி நின்று கேட்டார்கள்.

பாடிப் பழக இடமில்லை என்று நான்தான் அவரை ஆவூருக்குக் கூட்டிவந்தேன். நம் வீட்டில் கடலை மூட்டை போட்டு வைக்கிற அறையைக் காலி செய்து ட்ரம்ஸை இறக்கினேன். சத்தம் தாங்காமல் அப்பா வயலுக்குப் போய்விடுவார். நீ வீட்டு வேலை முடித்து வந்து, வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் போவாய். எட்வின் அந்த நேரம் பார்த்து நல்ல பாட்டாகப் பாடுவார். எனக்கு எல்லாம் தெரியும். அப்பாவிடம் போய்ப் பேசியதும் நான்தான். கல்யாணத்தன்று உன்னைவிட நான்தான் அதிகம் குதித்தேன். என் பாடகன் எனக்கு மச்சானாகிறார், இனிமேல் குழு உடையவே உடையாது என்று நினைத்தேன்.

ஒரு கேசட் போட்டோம். திருச்சியிலும் மதுரையிலும் கல்லூரி ஹாஸ்டல்களில் ஓடியது. இரண்டாவது கேசட்டுக்குப் பாட்டெல்லாம் தயாராக இருந்தது.

அப்புறம் அந்தக் காரைக்குடிக் கச்சேரி. மூன்றாவது பாட்டில் மச்சான் சுருதி விட்டார். கொஞ்சமாக இல்லை. கிட்டார் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். பையன்கள் ஊளையிட்டார்கள். பாதிப் பாட்டில் மைக்கைக் கீழே வைத்துவிட்டு இறங்கிப் போனார். குடித்திருக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

அடுத்த வாரம் ஆவூரில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீ அடுப்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாய். இடுப்பில் செலின். மச்சான் சுவரோரம் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கும் முன் நீ சொன்னாய்.

“இனிமே அவரு பாட வர மாட்டாருடா. புள்ளக்குட்டி ஆயிருச்சு. நாந்தான் வேணாம்னுட்டேன்.”

மச்சானைப் பார்த்தேன். அவர் நிமிரவே இல்லை. நீ கீரையை உருவிக்கொண்டே இருந்தாய். நான் கத்தியது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

“ஒன் புருசன ஒன் முந்தானையிலயே முடிஞ்சு வச்சுக்க. இனிமே ஒங் கையால ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேன்.”

ஆறு வருஷம் குடிக்கவில்லை. அப்பா இறந்த அன்றைக்குத்தான் உன்னோடு மறுபடி பேசினேன்.

அந்த வயசில் குழு போய்விட்டால் என்ன செய்வது? அப்பா என்னை ஆசிரியர் பயிற்சியில் சேர்த்துவிட்டார். நானும் வாத்தியாராகிக் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வும் பெற்றாயிற்று. நல்ல வாழ்க்கைதான், குறை சொல்லமாட்டேன். ஆனாலும் பிள்ளைகள் மேசையில் தாளம் தட்டினால் எனக்கு உன் மேல்தான் கோபம் வரும்.

மச்சான் மாத்தூரில் உரக்கடை குடோனில் வேலைக்குப் போனார். அவ்வளவு பெரிய குரல்காரர், வரவர வாயே திறப்பதில்லை. யாராவது அவரிடம் ஏதாவது கேட்டால் நீ பதில் சொல்வாய். கோயிலில் ஆண்கள் பக்கம் அவரை உட்காரவிடாமல் உன் பக்கத்திலேயே வைத்துக்கொள்வாய். கல்யாண வீட்டில் பந்தியில் இடம் மாறி மாறி உட்காருவாய், கடைசியில் அவருக்கு வலது கைப் பக்கம் வந்து சேர்வாய். சொந்தக்காரர்கள் எல்லாம் உனக்குப் ‘பட்டாளத்தம்மா’ என்று பெயர் வைத்தார்கள். எட்வினுக்கு நாக்கே கிடையாது, பிலோமி வாய்தான் அவன் வாய் என்று நம் சின்னம்மா சொல்லாத இடமில்லை. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

செலின் கல்யாணத்தில் தாய்மாமன் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று மைக்கைக் கொடுத்தார்கள். பேசினேன். “எங்க மச்சான் ஒரு காலத்துல சிங்கம். கர்ஜிச்சா திருச்சியே கேக்கும். எங்க அக்காதான் புடிச்சுக் கூண்டுல போட்டுப் பூட்டிருச்சு. மாப்ள, நீங்க சூதானமா இருந்துக்கங்க.” மண்டபம் முழுக்கச் சிரித்தது. நீயும் சிரித்தாய். பிறகு மச்சான் காதோரம் குனிந்து ஏதோ சொன்னாய். அவர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். ரோஷமே இல்லாத மனுஷன் என்று எனக்கு அவர் மேலும் எரிச்சல் வந்தது.

இவ்வளவும் உனக்குத் தெரியும். இனிமேல் சொல்வது நீ போன பிறகு நடந்தது.

உன்னை அடக்கம் செய்து ஒரு வருஷம் இருக்கும். திருச்சியிலிருந்து ஒரு பெண் ஆவூருக்கு வந்தாள். நாற்பது வயது இருக்கும், பெயர் நித்யா. மாடி வீட்டில் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருக்கிறாள். அவளுடைய அப்பா நம் கேசட்டைத் தேய்ந்துபோகிற வரைக்கும் கேட்டவராம். அவர் இறந்த பிறகு அதை எடுத்துச் சுத்தம் செய்து இணையத்தில் போட்டிருக்கிறாள். எங்கெங்கிருந்தோ ஆட்கள் கேட்டுவிட்டு, இவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று விசாரித்திருக்கிறார்கள். நித்யா தேடிக்கொண்டு வந்துவிட்டாள். புதிதாக ஒரு ஆல்பம் போடலாம் சார் என்று அவள் கேட்க, மச்சான் மாட்டேன் என்று சொல்லப்போகிறார் என்றுதான் நான் காத்திருந்தேன். அவர் உன் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்னைக் காட்டி, சவரி ட்ரம்ஸ் அடித்தால் பாடுகிறேன் என்றார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல். சந்தோஷம்தான். அதோடு கூடவே ஒரு கெட்ட நினைப்பும் வந்தது. அக்கா போன பிறகுதானே கூண்டு திறந்தது என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் நினைத்தேன், அக்கா. உனக்கு மறைத்து என்ன ஆகப்போகிறது?

முதல் மூன்று நாள் பதிவு சரிப்படவே இல்லை. அறுபத்தேழு வயதுக் குரல், பழைய உயரத்துக்குப் போகவில்லை, அது பரவாயில்லை. கீழே இறங்கி வந்தபோது புதிதாக ஒரு கனம் இருந்தது. ஆனால் சுருதி நிற்கவில்லை. ஹெட்போனைப் போட்டுக்கொள்வார், கழற்றுவார், இடது பக்கத்தைத் தள்ளிவிடுவார். நான் சொல்வது பாதி விளங்காமல் தலையாட்டுவார். நாலாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. குச்சியை வைத்துவிட்டு, வீட்டில் பாடிப் பழகாமல் வந்தால் இப்படித்தான் மச்சான் என்று சத்தம் போட்டேன்.

நித்யா கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எழுந்து வந்தாள். அவருக்கு இடது பக்கம் போய் நின்று மெதுவாக ஏதோ கேட்டாள். அவர் திரும்பவில்லை. வலது பக்கம் வந்து கேட்டாள்.

“சார், ஒங்களுக்கு இந்தக் காது எப்பருந்து கேக்கல?”

மச்சான் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

கீழே டீக்கடை பெஞ்சில் வைத்துத்தான் எல்லாம் சொன்னார். காரைக்குடிக்கு இரண்டு வருஷம் முன்பே தொடங்கிவிட்டதாம். ஸ்பீக்கர் பக்கத்திலேயே நின்று நின்று, இடது காதுக்குள் ஓயாத இரைச்சல், ஆலை ஓடுகிற மாதிரி. அப்புறம் சத்தமே கோணலாகக் கேட்க ஆரம்பித்தது. கிட்டார் ஒரு சுருதி கொடுத்தால் அந்தக் காது வேறொன்றைச் சொல்லுமாம். அந்தக் கச்சேரிக்கு மறுநாள் நீதான் மதுரைக்கு டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறாய். இடது காது போனது போனதுதான், இன்னும் மேடையில் நின்றால் வலதும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். திரும்பி வருகிற பஸ்ஸில் மச்சான் உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். செவிடன் பாடினான் என்று சிரிப்பார்கள், பாவம் என்பார்கள், இரண்டையும் தாங்கமாட்டேன், யாருக்கும் தெரியக்கூடாது என்றாராம். நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்து, மாத்தூர் வரும்போது சொன்னாயாம்: “நான் வேணாம்னேன்னு சொல்லிக்கிறேன். எம் மேல போட்டுக்கங்க.”

அவ்வளவுதான். அதற்கு அடுத்த வாரம்தான் நான் வந்தது, நீ கீரை உருவிக்கொண்டிருந்தது.

செலின் கல்யாணத்தில் அவர் காதில் என்ன சொன்னாய் என்பதையும் சொன்னார். மண்டப இரைச்சலில் நான் பேசியது அவருக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. சவரி என்ன சொல்கிறான் என்று உன்னைக் கேட்டிருக்கிறார். “ஒங்களப் பெருமையாப் பேசுறான்” என்று சொன்னாயாம். அதனால்தான் அவர் என்னைக் கும்பிட்டிருக்கிறார். ஒரு மாதம் கழித்து வீடியோவில், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோதுதான் அவருக்கு விஷயம் தெரிந்ததாம். நீ எழுந்து போய் டிவியை அணைத்துவிட்டாயாம்.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், அக்கா. “முப்பத்து மூணு வருசமா நான் அவளப் பேசுனத எல்லாம் பாத்துக்கிட்டேதான இருந்தீங்க மச்சான்?”

“ஆமாடா.”

டீக்காசை வைத்துவிட்டு எழுந்தேன். குச்சிகளைக்கூட எடுக்காமல் பஸ் ஏறிப் புதுக்கோட்டையில் என் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பதினைந்து நாள் நான் போகவில்லை. நித்யா போன் செய்தாள், எடுக்கவில்லை. கோபம் அவர் மேலா, என் மேலா, உன் மேலா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. உன் மேலும் இருந்தது. எனக்காவது சொல்லியிருக்கலாமே? நான் உன் தம்பி இல்லையா? ஒரு நாள் ஆவூருக்கு வந்து உன் கல்லறைக்குப் பக்கத்தில் வெயிலில் உட்கார்ந்திருந்தேன். மெழுகுவர்த்திகூட ஏற்றாமல் திரும்பிவிட்டேன்.

பதினாறாம் நாள், பகல் ஒரு மணி இருக்கும். கதவைத் திறந்தால் மச்சான் நிற்கிறார். சட்டை முழுக்க நனைந்து, முகமெல்லாம் சிவந்து. என் வீடு புதுக்கோட்டையில் திருக்கோகர்ணம் நிறுத்தத்துக்கு எதிரில் என்று உனக்குத் தெரியும். கண்டக்டர் நிறுத்தம் பெயரைக் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் இறங்கிவிட்டார். யாரிடம் வழி கேட்டாலும் சொல்வது விளங்காது என்று கேட்காமலே, சித்திரை வெயிலில் அங்கிருந்து நடந்து வந்திருக்கிறார். காது போனதிலிருந்து ஊர் விட்டு ஊர் துணையில்லாமல் அவர் பஸ் ஏறியதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வலது காதும் பாதிக்கு மேல் போயிருந்தது.

மோர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னார்.

“என்னைய மன்னிக்கச் சொல்லி வரலடா. அவ சொன்னதச் சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன். ஆஸ்பத்திரில, கடைசியில, நீங்க பாடணும், எனக்கப்புறம் எதுக்கு மறைச்சுக்கிட்டு, பாடுங்கன்னா. சரின்னேன். அப்பறம் கையப் புடிச்சுக்கிட்டு, சவரிக்கு மட்டும் தெரிய வேணாம்னா. என்னைய என்னென்னமோ பேசியிருக்கான், தெரிஞ்சா தாங்க மாட்டான், பாவம்னா.”

அக்கா, அப்படியா சொன்னாய்? மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாயே, அந்த நேரத்திலா என்னை நினைத்தாய்?

இன்னொன்றும் சொன்னார். நான் உன்னைத் திட்டிவிட்டுப் போகும்போதெல்லாம் மச்சான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று கிளம்புவாராம். நீதான் தடுப்பாயாம். அவன் மேளத்தப் பிடுங்கிட்டோம்ல, யாரையாவது திட்டத்தான செய்வான், என்னையத் திட்டிட்டுப் போறான் என்பாயாம்.

நான் அழுததை எழுதவில்லை. அவர் அழுததையும் எழுதவில்லை. என் வீட்டுக்காரி சோறு போட்டாள், இரண்டு பேரும் சாப்பிட்டோம். சாயங்காலம் அவரோடு நானும் திருச்சிக்குப் பஸ் ஏறினேன்.

நித்யா கெட்டிக்காரி. ஹெட்போனையே தூக்கி வைத்துவிட்டாள். மச்சானை ட்ரம்ஸுக்கு ஒட்டி, பலகைத் தரையில் செருப்பில்லாமல் நிற்க வைத்தாள். நான் பெரிய ட்ரம்மைக் காலால் மிதித்தால் அதிர்வு அவர் உள்ளங்காலுக்குப் போகும். சுருதிக்கு ஒரு சின்ன ஸ்பீக்கரை வலது காதோரம் வைத்தாள். தாளத்துக்கு அவர் என் பாதத்தையே பார்த்துக்கொண்டு பாடினார். வரி வரியாகப் பாடினார். ஒரு பாட்டுக்கு நாலு நாள் ஆனது. அப்படித்தான் ஏழு பாட்டும் முடிந்தது.

கடைசிப் பாட்டு உனக்கு. “சொன்ன பழியெல்லாம் சுமந்து போனவளே, சுமந்த தோளுக்கு நான் என்ன செஞ்சேன்” என்று தொடங்கும். இரண்டாவது அடியில் அவர் குரல் உடைந்தது. மறுபடி எடுக்கலாமா என்று நித்யா சைகையில் கேட்டாள். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். உடைந்தது உடைந்தபடி இருக்கிறது.

வெளியீட்டை ஆவூரிலேயே வைத்தோம், கோயிலை ஒட்டிய பங்கு மண்டபத்தில். சொந்தக்காரர்களும், எங்கெங்கிருந்தோ வந்த பழைய ரசிகர்கள் கொஞ்சம் பேரும். மச்சான் காதில் மெஷின் மாட்டிக்கொண்டு எல்லார் முன்னாலும் உட்கார்ந்திருந்தார். நான் மைக்கை வாங்கினேன். சிரிக்கப்போகிறோம் என்று சின்னம்மா தயாராக இருந்தது முகத்திலேயே தெரிந்தது. நாலே வாக்கியம்தான் சொன்னேன். மச்சானுக்குக் காது போனது. அதை அக்கா மறைத்தாள். பாட்டை நிறுத்தியது அவள் இல்லை. நான் பேசினதெல்லாம் பொய். மைக்கை வைத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

யாரும் கை தட்டவில்லை. சின்னம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. போகும்போது என்னிடம் வந்து, “அந்தப் புள்ளைய என்ன பேச்சுப் பேசினோம்டா” என்றது. மறுநாள் காலையில் உன் கல்லறையில் யாரோ பூ வைத்திருந்தார்கள். யாரென்று நான் விசாரிக்கவில்லை.

ஆல்பம் பெரிதாக ஓடுகிறதா என்றால், இல்லை. சிலர் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். பழைய குரல் இல்லையே என்றும் எழுதுகிறார்கள். மச்சானால் அதை முழுசாகக் கேட்க முடியவில்லை. மெஷின் வைத்தாலும் பாட்டு அவருக்குத் தகரம் மாதிரிதான் கேட்கிறதாம். தான் பாடியது எப்படி வந்திருக்கிறது என்று என்னைக் கேட்டார். நல்லா வந்திருக்கு மச்சான் என்றேன். செலின் கல்யாணத்தில் அவர் காதில் நீ சொன்ன பொய் அன்றைக்குத்தான் உண்மையான மாதிரி இருந்தது. இந்த வருஷத்துக்குள் வலது காதும் முழுசாகப் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனி ஆல்பம் இல்லை.

நான் அவரை முழுக்க மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் உனக்குப் பிடிக்கும். ஆனால் இன்னும் ஆகவில்லை. சில நாள் அவர் முகத்தைப் பார்க்கும்போது, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன என்று பொங்கி வருகிறது. அப்புறம் அடங்குகிறது. அவருக்கும் அது தெரியும். இரண்டு பேரும் அதை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறோம்.

என்னை நான் மன்னிக்கவா? நீ இருந்தால், “விடுடா சவரி, பழசப் போயி” என்பாய். அதற்குத்தான் பயமாக இருக்கிறது. விடச் சொல்ல நீ இல்லாததால் நான் விடப்போவதில்லை, அக்கா. இது எனக்கு வேண்டும். நீ அத்தனை வருஷம் பழியை வைத்திருந்தாய், மிச்சத்தை நான் வைத்துக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் சத்தியம் செய்கிறேன். செலின் அவரைக் குவைத்துக்குக் கூப்பிடுகிறாள், மச்சான் ஆவூரை விட்டு வரமாட்டேன் என்கிறார். அதனால் அடுத்த மாதம் நானும் என் வீட்டுக்காரியும் அங்கேயே வந்துவிடுகிறோம். அவருக்கு எதுவுமே கேட்காமல் போகிற நாளிலும் வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆள் இருக்கும். எழுதிக் காட்டுவேன். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிற மாதிரி நிதானமாகப் பேசுவேன். எனக்கு நிதானம் வராது என்று உனக்குத் தெரியும். கற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நான் கேட்காமலே நீ பொறுத்துக்கொண்ட, நீ இருந்தவரை ஒரு தடவைகூட மன்னிப்புக் கேட்காத உன் தம்பி,
சவரி